ஃப்ளோரிடாவுல மீன் பிடிக்கப் போறீங்களா? வெளி மாநிலத்துக்காரங்க லைசென்ஸ் வாங்குற விவரம்

நான் இருக்கறது நியூ ஜெர்சி. இங்க கடல்ல தூண்டில் போட காசு குடுத்து லைசென்ஸ் வாங்கத் தேவையே இல்ல, ஆன்லைன்ல ஃப்ரீயா ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிட்டா போதும், ஏரி ஆறுன்னாதான் லைசென்ஸ். அந்தப் பழக்கத்துல ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்பிரிங் பிரேக்குக்கு ஃப்ளோரிடா தெக்கு முனையில இருக்குற கீஸ் தீவுங்களுக்குப் போனப்ப கடைசி நிமிஷம் வரைக்கும் லைசென்ஸப் பத்தி யோசிக்கவே இல்ல. முதல் நாள் ராத்திரி மோட்டல்ல படுத்துக்கிட்டே போன்ல தேடி, மேலாப்புல வந்த முதல் லிங்க்க அமுக்கி, பேரு அட்ரஸ் கார்டு நம்பர் எல்லாம் குடுத்து 29 டாலர் கட்டிட்டு நிம்மதியா தூங்கிட்டேன். மறுநாள் பாலத்து மேல நின்னு இறால் மாட்டிப் போட்டுட்டு இருக்கும்போது யூனிஃபார்ம் போட்ட ஆபீசர் ஒருத்தர் வந்து லைசென்ஸ் கேட்டாரு, நான் பெருமையா போன நீட்டுனேன், அவர் ரெண்டு தடவ மேல கீழ ஸ்க்ரோல் பண்ணிப் பாத்துட்டு "சார், இது லைசென்ஸ் இல்ல, லைசென்ஸ் எப்படி வாங்குறதுன்னு சொல்ற ஒரு பிடிஎஃப்"னாரு.

பக்கத்துல பையன் நிக்கிறான். மானம் போச்சு.

நல்ல மனுஷன், வார்னிங்கோட விட்டுட்டாரு. ஃபைன் போட்டிருந்தா முதல் தடவைக்கு 50 டாலர், அதோட வாங்காம விட்ட லைசென்ஸோட விலையும் சேத்துக் கட்டணும். அப்புறம் ரெண்டு தடவ போய்ட்டேன், போன தடவ ஊர்ல இருந்து வந்த அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன், இப்ப ஆபீஸ்ல யார் ஃப்ளோரிடா கெளம்புனாலும் என்கிட்டதான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல ஒரு விஷயம். அமெரிக்கா முழுசுக்கும் செல்லுபடியாகுற லைசென்ஸ்னு ஒண்ணு கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஒரு ஸ்டேட்ல வாங்கி எல்லா ஸ்டேட்லயும் ஓட்டலாம்னு நெனைக்காதீங்க, மீன் அந்தந்த ஸ்டேட்டோட சொத்து, அதனால ஜெர்சி லைசென்ஸ் ஜெர்சியோட சரி. வெளியூர்க்காரன்கிட்ட மட்டும் ஏன் அதிகமா வாங்குறாங்கன்னு எல்லாருக்கும் ஒரு கடுப்பு இருக்கும். அத எதுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ட்டாங்க, மொன்டானாவுல உள்ளூர்க்காரனுக்கு 9 டாலர், வெளியூர்க்காரனுக்கு 225 டாலர்னு எல்க் மான் வேட்டை லைசென்ஸ் வித்தாங்க, 1978-ல கோர்ட் "அது தப்பில்ல, பொழுதுபோக்குக்குத்தான வேட்டையாடுற"ன்னு சொல்லிடுச்சு. அந்தக் கணக்குக்கு ஃப்ளோரிடாக்காரன் நம்மகிட்ட வாங்குறது கொஞ்சம்தான்.

வெளி மாநிலத்துக்காரங்களுக்கு மூணே ரேட்: 3 நாளைக்கு 17 டாலர், 7 நாளைக்கு 30 டாலர், வருஷத்துக்கு 47 டாலர். இது ஒரு ஆளுக்கு, ஒரு தண்ணிக்கு. தண்ணின்னு ஏன் சொல்றேன்னா அங்க கடல் மீனுக்கு சால்ட்வாட்டர் லைசென்ஸ் தனி, ஏரி ஆத்து மீனுக்கு ஃப்ரெஷ்வாட்டர் லைசென்ஸ் தனி, விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான். உள்ளூர்க்காரங்களுக்கு ரெண்டையும் சேத்து ஒரு காம்போ இருக்கு, நமக்கு அது கிடையாது, ரெண்டும் வேணும்னா ரெண்டுக்கும் தனித்தனியா கட்டணும். கீஸ், மயாமி, டாம்பா பே இங்கெல்லாம் கடல். ஓர்லாண்டோ பக்கம் டிஸ்னி பாக்கப் போயிட்டு பக்கத்து ஏரில பாஸ் மீனுக்குப் போடறீங்கன்னா ஃப்ரெஷ்வாட்டர். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கீஸ் போறதுக்கு அவசரத்துல ஃப்ரெஷ்வாட்டர வாங்கிட்டான், வாங்குனது வாங்குனதுதான், பணம் திரும்பி வரல, மறுபடி சால்ட்வாட்டருக்கு 17 டாலர் அழுதான். ஆறு கடல்ல சேர்ற எடத்துல நிக்கிறீங்கன்னா எந்த மீனுக்குப் போடறீங்களோ அதப் பொறுத்துதான் லைசென்ஸ், சந்தேகமா இருந்தா அங்க இருக்குற பெய்ட் கடையில, அதாவது தூண்டில் இரை விக்கிற கடையில, ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

இந்த ரேட்ல ஒரு சின்ன கணக்கு இருக்கு, கவனிங்க. 3 நாள் லைசென்ஸ ரெண்டு தடவ வாங்குனா 34 ஆச்சு, 7 நாளே 30தான். 7 நாளும் 3 நாளும் சேந்தா 47, அதாவது சரியா வருஷ லைசென்ஸோட விலை. அதனால பன்னெண்டு மாசத்துக்குள்ள ரெண்டாவது ட்ரிப்புக்கு சான்ஸ் இருக்குன்னா பேசாம வருஷத்துக்கே வாங்கிடுங்க. மாமனார் வீடு ஜாக்சன்வில்லுல இருக்கறவங்க எல்லாம் யோசிக்கவே வேணாம்.

இப்ப யார் யாருக்கு வேணும்னு பாப்போம், குடும்பமா போறவங்க இங்கதான் சொதப்புறது. 16 வயசுக்குக் கீழ இருந்தா எந்த ஊர் பிள்ளையா இருந்தாலும் லைசென்ஸ் வேணாம். 16 ஆயிடுச்சுன்னா வேணும், ஸ்கூல் பிள்ளைதானேன்னு விட்டுடாதீங்க. என் பொண்ணு அப்ப 17, அவளுக்குத் தனியா வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அதே மாதிரி 65 வயசானா லைசென்ஸ் தேவையில்லன்னு ஒரு பேச்சு காதுல விழும், அது உண்மைதான், ஆனா ஃப்ளோரிடாவாசிக்கு மட்டும். எழுபது வயசு அப்பாவோ அம்மாவோ விசிட்டர் விசால வந்திருந்தா அவங்களும் நம்ம மாதிரி வெளியூர்க்காரங்கதான், முழு ரேட்.

புடிச்சிட்டு திருப்பி விட்டுடப் போறேன், திங்கப் போறதில்லன்னாலும் லைசென்ஸ் வேணும். மீன் மாட்டவே இல்லன்னாலும் வேணும், தூண்டில் போட்டதே பிடிக்க முயற்சி பண்ணுனதாத்தான் கணக்கு. பையன் பேர சொல்லி அப்பன் ராட் (தூண்டில் கம்பு) போடறதெல்லாம் நடக்காது, ராட் யார் கையில இருக்கோ அவங்கதான் மீன் பிடிக்கிறவங்க. சும்மா சேர் போட்டு உக்காந்து முறுக்கு கடிச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கறவங்களுக்கு ஒண்ணும் வேணாம், என் பொண்டாட்டி அந்த கேட்டகிரி.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு லைசென்ஸே தேவையான்னு பாத்துக்கோங்க, ஏன்னா லீவுல ஒரு நாள் ஆசைக்குப் போடறவங்க நெறைய பேருக்குத் தேவைப்படாது. கடல்ல மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போற சார்ட்டர் போட், ஆளுக்கு டிக்கெட் போட்டு ஏத்திட்டுப் போற பார்ட்டி போட் எல்லாம் லைசென்ஸ் எடுத்து வெச்சிருப்பாங்க, அந்த லைசென்ஸுக்குள்ளயே அதுல ஏறுற கஸ்டமர்களும் அடக்கம். அரை நாள் டிக்கெட் எடுத்தா ராட், இரை எல்லாம் அவங்களே குடுப்பாங்க, முதல் தடவ போறவங்களுக்கு நான் சொல்றது இதத்தான். ஏரியில கைடு வெச்சுப் போனா இந்த சலுகை கிடையாது, அங்க கைடு இருந்தாலும் உங்க கையில ஃப்ரெஷ்வாட்டர் லைசென்ஸ் இருக்கணும். போட்ட மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுனாலும் ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வேணும். அதுலயும் ஒரு கொக்கி இருக்கு, 1988 ஜனவரி 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க 10 ஹார்ஸ்பவரோ அதுக்கு மேலயோ உள்ள போட் ஓட்டணும்னா போட்டிங் சேஃப்டி கார்டு வேணும், ஆன்லைன்ல டெஸ்ட் எழுதி 90 நாளைக்கு டெம்பரரியா வாங்கிக்கலாம்.

அடுத்தது பியர். கடலுக்குள்ள நீட்டி கட்டியிருக்கற மீன்பிடி பாலம். சில பியர்ங்க பியருக்கே லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்கும், அதுல நின்னு போடறவங்களுக்குத் தனியா வேணாம், கேட்ல கேட்டா சொல்லிடுவாங்க. டாம்பா பே-ல ஸ்கைவே ஃபிஷிங் பியர்னு ஒண்ணு இருக்கு. 1980 மே மாசம் புயல் மழையில ஒரு சரக்குக் கப்பல் மோதி பாலம் சரிஞ்சு 35 பேர் செத்துப்போனாங்க, அப்புறம் 1987-ல புதுப் பாலம் தெறந்ததும் பழைய பாலத்துல மிச்சம் இருந்தத மீன் பிடிக்கிறவங்களுக்கு விட்டுட்டாங்க. அங்க நுழைவு டிக்கெட் எடுத்தா போதும், லைசென்ஸ் வேணாம். ஆனா பெலிக்கன் பறவைங்க தூண்டில் நரம்புலயும் முள்ளுலயும் சிக்கி சாகுதுன்னு, அங்க மீன் பிடிக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு ஆன்லைன் கோர்ஸ் முடிக்கணும்னு 2023-ல ரூல் கொண்டு வந்தாங்க. காசு கிடையாது. வீட்லயே முடிச்சிட்டுப் போங்க, பாலத்து மேல வெயில்ல நின்னுக்கிட்டு போன்ல க்விஸ் எழுதறது கொடுமை.

கீஸ்ல இருக்குற பாலங்கள இந்தக் கணக்குல சேத்துடாதீங்க. அந்தப் பழைய பாலங்கள்ல நெறைய ஒரு காலத்துல கீ வெஸ்ட்டுக்கு ரயில் ஓடுன பாலங்க, 1912-ல போட்ட லைன், 1935 புயல்ல நாசமாப் போச்சு, இப்ப ஜனங்க அதுல நின்னு தூண்டில் போடறாங்க. பாக்கறதுக்கு பியர் மாதிரியே இருக்கும், ஆனா அங்க ஆளுக்கு ஆள் லைசென்ஸ் வேணும். நான் மாட்டுனது அந்த மாதிரி ஒரு பாலத்துலதான். கரையில நின்னு போடறதுக்கு ஃப்ரீ லைசென்ஸ்னு எவனாவது சொன்னா அதுவும் ஃப்ளோரிடாவாசிக்குத்தான், நமக்கு இல்ல.

இன்னொரு வழியும் இருக்கு, வருஷத்துல எட்டு நாள் லைசென்ஸே இல்லாம யார் வேணும்னாலும் பிடிக்கலாம், வெளியூர்க்காரங்களும்தான். கடலுக்கு நாலு நாள்: ஜூன் முதல் சனி ஞாயிறு, செப்டம்பர் முதல் சனி, தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சு வர்ற சனி. ஏரி ஆத்துக்கு நாலு நாள்: ஏப்ரல் முதல் சனி ஞாயிறு, ஜூன் ரெண்டாவது சனி ஞாயிறு. லைசென்ஸுக்கு மட்டும்தான் லீவு, சைஸு எண்ணிக்கை ரூல் எல்லாம் அன்னைக்கும் உண்டு.

சரி, வாங்கியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டீங்க. எங்க வாங்குறது? நான் ஏமாந்த கதைய மறுபடி நெனச்சுக்கோங்க, கூகுள்ல "ஃபிஷிங் லைசென்ஸ்"னு அடிச்சா மேல வர்ற விளம்பரங்கள தொடாதீங்க. கவர்மென்ட் சைட்னா கடைசில டாட் கவ்னு இருக்கும்னு நாம நம்புவோம், ஃப்ளோரிடாவுல அந்த சூத்திரம் வேலைக்கு ஆகாது, அங்க ஒரிஜினல் சைட்டே டாட் காம்தான். மீன் விலங்கு எல்லாத்தையும் பாத்துக்கற டிபார்ட்மென்ட் பேரு எஃப்.டபிள்யூ.சி, அவங்க சைட் மைஎஃப்டபிள்யூசி டாட் காம். அட்ரஸ நீங்களே டைப் பண்ணி உள்ள போயி லைசென்ஸ் பக்கத்த அமுக்குனா "கோ அவுட்டோர்ஸ் ஃப்ளோரிடா"ங்கற சைட்டுக்குக் கூட்டிட்டுப் போகும், விக்கிறது அங்கதான். அந்த 17, 30, 47 ரேட்டுக்கு மேல ஆன்லைன்ல சின்னதா ப்ராசஸிங் ஃபீஸ் ஏறும், அது நியாயமானதுதான். "லைசென்ஸ் கைடு", "உதவிக் கட்டணம்"னு எதாவது கண்ணுல பட்டா தப்பான சைட்ல நிக்கிறீங்க, வெளிய வந்துடுங்க.

உள்ள போனதும் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணச் சொல்லும். இங்க நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு, லாஸ்ட் நேம். அப்பா பாஸ்போர்ட்ல ஒரே பேருதான், சர்நேம் கட்டம் காலி, விசாவுல எஃப்.என்.யூ-ன்னு (முதல் பேர் தெரியலன்னு அர்த்தம்) அடிச்சு வெச்சிருக்கான், சைட் என்னடான்னா ரெண்டு கட்டத்தையும் நெரப்பாம நகரவே மாட்டேங்குது. அப்பா பக்கத்துல உக்காந்து "எங்கப்பா பேரப் போடேண்டா"ங்கறாரு. போடாதீங்க. கையில இருக்குற ஐடில எப்படி அச்சடிச்சிருக்கோ அதே மாதிரி போடுங்க, பாலத்துல நின்னு ஆபீசர் பாக்கப் போறது ஐடில இருக்குற பேரும் லைசென்ஸ்ல இருக்குற பேரும் ஒண்ணான்னுதான். உங்களுக்கு உங்க ஸ்டேட் டிரைவிங் லைசென்ஸ் நம்பர், ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு பாஸ்போர்ட். சைட் ரொம்ப மக்கர் பண்ணுனா மல்லுக்கட்டாதீங்க, பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு லைசென்ஸ் விக்கிற கடைக்கு நேரா போய்டுங்க, நான் அப்பாவுக்கு அப்படித்தான் வாங்குனேன்.

சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்டா பயந்துடாதீங்க, முன்னாடி பிடிஎஃப் வாங்கி ஏமாந்ததால எனக்கு அத பாத்ததும் பக்குன்னு ஆயிடுச்சு. மீன் பிடிக்க அது எதுக்குன்னு தோணும். பொண்டாட்டிய விட்டுப் பிரிஞ்சு போயி பிள்ளைக்குக் கட்ட வேண்டிய காசக் கட்டாம சுத்தறவங்கள பிடிக்கிறதுக்காக 90-கள்ல ஒரு ஃபெடரல் சட்டம் வந்துச்சு, பொழுதுபோக்கு லைசென்ஸுக்கும் இந்த நம்பர கேட்டு வாங்கணும்னு அதுல இருக்கு. தூண்டிலுக்கும் ஜீவனாம்சத்துக்கும் முடிச்சுப் போட்ட ஊர் இது.

லைசென்ஸ செலக்ட் பண்ற பக்கத்துல முதல்ல நீங்க நான்-ரெசிடென்ட்தான்னு காட்டுதான்னு பாருங்க. ஃப்ளோரிடாவுல வீடு வாடகைக்கு எடுத்து ரெண்டு மாசமா ப்ராஜக்ட் பண்றவங்க ரெசிடென்ட் ரேட்ல வாங்க ஆசைப்படுவாங்க, கையில ஃப்ளோரிடா டிரைவிங் லைசென்ஸ் இல்லாம அதுல கைய வைக்காதீங்க. அப்புறம் சால்ட்டா ஃப்ரெஷ்ஷான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துட்டு, எந்தத் தேதில இருந்து ஆரம்பிக்கணும்னு கேக்கற எடத்துல கவனமா இருங்க. நாளைக்கு மறுநாள் பிடிக்கப் போறதுக்கு இன்னைக்கே ஆரம்பிக்கற மாதிரி வாங்கிட்டா மூணு நாள்ல ரெண்டு நாள் ஹைவேலயே போய்டும்.

பணம் கட்டுனதும் லைசென்ஸ் மெயில்ல வந்துடும். "ஃபிஷ் ஹன்ட் ஃப்ளோரிடா"ன்னு அவங்களோட ஆப் இருக்கு, அதுலயும் காட்டலாம், பேப்பர்தான் வேணும்னு இல்ல. இருந்தாலும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் பக்கம் சிக்னல நம்பிப் போகாதீங்க. நேர்ல வாங்குறதுன்னா பெய்ட் கடை, வால்மார்ட் மாதிரி பெரிய கடைங்கள்ல ஸ்போர்ட்ஸ் கவுன்ட்டர், கவுண்டி டாக்ஸ் கலெக்டர் ஆபீஸ், எங்க வேணும்னாலும் கெடைக்கும். எனக்குப் பிடிச்சது பெய்ட் கடைதான். லைசென்ஸ அடிச்சுக் குடுக்கற கையோட எந்தப் பாலத்துல இப்ப என்ன மாட்டுது, என்ன இரை, எவ்ளோ ஈயம் போடணும்னு அவரே சொல்லுவாரு.

அடிப்படை லைசென்ஸ் மேல சில மீனுக்குத் தனியா பர்மிட் வேணும். ஸ்னூக்குன்னு ஒரு மீன், பாக்க நம்ம கொடுவா சாயல்ல இருக்கும், அதுக்கு 10 டாலர். லாப்ஸ்டருக்கு 5 டாலர். போட்ல போய் ஸ்னாப்பர், க்ரூப்பர் மாதிரி பாறை மீனுங்களுக்குப் போடறதா இருந்தா ஸ்டேட் ரீஃப் ஃபிஷ் ஆங்லர்னு ஒண்ணு சேத்துக்கணும், அது ஃப்ரீ, கரையில நிக்கிறவங்களுக்கு வேணாம். நண்டு பிடிக்கவும் அதே சால்ட்வாட்டர் லைசென்ஸ் இருக்கணும். ஸ்னூக்குக்கு சீசன் மூடற மாசங்க இருக்கு, எந்தக் கடற்கரைங்கறத பொறுத்து அது மாறும், அதனால பர்மிட் வாங்குறதுக்கு முன்னாடி எஃப்.டபிள்யூ.சி சைட்ல நீங்க போற ஏரியாவப் பாத்துக்கோங்க, சீசன் மூடியிருக்கும்போது 10 டாலர் கட்டுறது வீண்.

லைசென்ஸ் கைக்கு வந்துட்டா எது மாட்டுனாலும் பக்கெட்ல போடலாம்னு அர்த்தம் இல்ல. ரெட்ஃபிஷ்னா 18 இன்ச்ல இருந்து 27 இன்ச்சுக்குள்ள இருக்கணும், சின்னதும் கூடாது பெருசும் கூடாது. கீஸ் பாலங்கள்ல நமக்கு அதிகமா மாட்டுறது மாங்க்ரோவ் ஸ்னாப்பர், நம்ம சங்கராவுக்குத் தூரத்துச் சொந்தம், அது குறைஞ்சது 10 இன்ச், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5. ஒரு ஸ்கேல் ஸ்டிக்கர் வாங்கி கூலர் மூடில ஒட்டிடுங்க, மீன அது மேல படுக்க வெச்சு வாய மூடி வாலச் சேத்துப் பிடிச்சா அளவு தெரியும். அப்பா பிடிச்ச முதல் ஸ்னாப்பர் ஒம்பதரை இன்ச். காவேரிக் கரையில மண்புழு மாட்டி வளந்த மனுஷன், யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டதில்ல, இப்ப 17 டாலரும் கட்டி, பிடிச்ச மீனையும் தண்ணில விடுங்கறான் மகன். "வாலக் கொஞ்சம் இழுத்துப் பிடிடா"ன்னாரு. இழுத்தும் பாத்தோம், ஒம்பதேமுக்கால்தான் வந்துச்சு.

கெளுத்தி மாட்டுனா கையால பிடிக்காதீங்க, நம்ம ஊர் கெளுத்தி மாதிரியே முள்ளு, குத்துனா கடுக்கும், கட்டிங் பிளேயர்ல தூண்டில் முள்ளக் கழட்டி அப்படியே தண்ணில விட்டுடுங்க. பிடிச்ச ஸ்னாப்பர பாலத்து மேலயே வெச்சு வெட்டித் துண்டு போடாதீங்க, அளவு பாக்க முழு மீனா இருக்கணும், தலையும் வாலும் சேந்து கரைக்கு வந்து சேரணும். அப்புறம் மோட்டல் பாத்ரூம்ல செதில் உரிச்சு மாட்டிக்காதீங்க, கீஸ்ல நெறைய ரெஸ்டாரன்ட்ல நீங்க பிடிச்ச மீனக் குடுத்தா சமைச்சுக் குடுப்பாங்க, க்ளீன் பண்ணி எடுத்துட்டு வரச் சொல்ற எடமும் இருக்கு, அதனால போறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. மொளகாத்தூள் நீங்கதான் கொண்டு போகணும்.